ஹாட் டென்ட் மாப்பிள்ளை

செஞ்சிக்காரன் ஒருவன் சூட்டைக் காசு கொடுத்து வாங்கினான் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். கோடையில் மலைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் எங்கள் மேல் திருப்பி ஊதும். அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து, உள்ளே அடுப்பு வைத்துக் குளிர்காய்வதற்கென்றே ஒரு கூடாரத்தை வரவழைத்த மகான், ஆரோக்கியம் என்கிற நான்தான். அதில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

வல்லத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அதில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). காய் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் வந்துவிடும். நைனாதான் (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காவலுக்குப் போவார். அந்தத் தை மாதப் பனியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ள, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்த நான், "இனிமே நான் போறேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குளிர் ஞாபகத்துக்கு வந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு போயிருப்பான். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் பனிமலையில் கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். அவர்கள் மிருகத்தைத் தேடிப் போகிறவர்கள். நான் மிருகம் வந்துவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டு போகிறவன். இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை.

தரை வைத்த கூடாரமா, தரை இல்லாததா என்பதில்தான் பெரிய குழப்பம். தரை இல்லாவிட்டால் எடை குறைவு, சேற்றுக் காலோடு நுழையலாம், அடுப்பை மண்ணிலேயே வைக்கலாம், பொறி விழுந்தாலும் மண்ணில்தான் விழும் என்றார் ஒரு தாடிக்காரர். அவர் தாடிக்கு மரியாதை கொடுத்து அதையே வாங்கினேன். நடுவில் ஒரே ஒரு கம்பு. புகைக்குழாய் வெளியே போகக் கூரையில் ஒரு ஓட்டை. கூடவே மடக்கித் தூக்கிப் போகிற தகர அடுப்பு.

பார்சலைப் பிரித்ததும் நைனா துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, அடியையே காணோம்? மேல வேற ஓட்டை இருக்குது. பழசைத் தள்ளி வுட்டுட்டானுங்களா?"

"அப்படித்தான் இருக்கும் நைனா. வெயிட் கம்மி. முதுவுல மாட்டிக்கினு எவ்ளோ தூரம் வேணா நடக்கலாம்."

"நீ எங்கடா நடக்கப் போற? வண்டியில போவப் போற. வண்டி உன்கிட்ட முதுவு வலிக்குதுன்னு சொல்லிச்சா?"

நான் துணியைச் சுருட்டிப் பையில் திணித்தேன்.

இதே நேரத்தில்தான் எனக்கு ஸ்டெல்லாவைப் பேசியிருந்தார்கள். போட்டோ பார்த்தாயிற்று, போனிலும் பேசியாயிற்று. எனக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது (என் மொக்கை ஜோக்குக்கு மறுமுனையில் சிரித்த முதல் மனித ஜீவன்). பாக்கி இருந்தது அவள் அப்பாவின் சம்மதம் மட்டும். லூர்துசாமி என்று பெயர். பக்கத்துச் சர்ச் பங்கின் மதுவிலக்கு சபைத் தலைவர். மாப்பிள்ளை என்ன படித்தான் என்றுகூட அவர் கேட்பதில்லை. "குடிப்பானா?" என்பது ஒன்றுதான் கேள்வி. போட்டோவில் ஓரமாக ஒரு பீர் பாட்டில் தெரிந்ததற்காக ஒரு வரனையே தட்டிக் கழித்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை டீக்கடையில் நின்றுகொண்டு பெங்களூர் நண்பனிடம் போனில் பீற்றிக்கொண்டிருந்தேன். "ஹாட்தான் மச்சான், ஹாட் டென்ட்! எங்க நெலத்துலயே போடப் போறேன். உள்ளயே அடுப்பு, மேல கொழாய். நாளைக்குக் காலையில பத்த வைக்கறேன்." எங்கள் பக்கம் பீர் தவிர்த்த சரக்கு எல்லாவற்றுக்கும் 'ஹாட்' என்றுதான் பெயர். பக்கத்தில் டீ குடித்தவர்களின் முகத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை, பனி விலகுவதற்குள் கூடாரத்தை நட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். ஈர விறகு. குழாய் வழியாகப் புகை குபுகுபுவென்று மேலே போனது. நிறைய வெல்லத்தைத் தட்டிப் போட்டு சுக்கு காப்பி வைத்தேன். அந்த வாசனை ரோடு வரை போயிருக்கும். குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் லுங்கியுமாக, இந்த உலகத்தில் என்னைப் போல் ஒரு புத்திசாலி உண்டா என்று நினைத்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தேன்.

வெளியே குரல் கேட்டது. "யாருப்பா உள்ள? இன்னா பண்ற?"

பக்கத்து நிலத்துக்காரர் என்று நினைத்தேன். "காய்ச்சிக்கினு இருக்கறேன்!"

குரல் இன்னும் கிட்டே வந்தது. "எவ்ளோ நாளா?"

"இன்னைக்குதான் மொதல். இப்பதான் கொதி வந்துது. ஒரு கிளாஸ் ஊத்தட்டுமா?"

தரையில்லாத கூடாரத்தில் ஒரு குறை உண்டு. அதை அந்தத் தாடிக்காரர் சொல்லவே இல்லை. வெளியிலிருந்து நாலு பேர் சேர்ந்து தூக்கினால் கூடாரம் போய்விடும், நாம் அங்கேயே இருப்போம். கோழி மேல் கவிழ்த்த கூடையைத் தூக்குவதுபோல் தூக்கிவிட்டார்கள். குழாய் சரிந்து என் தலையில் கரியைக் கொட்டியது. கையில் கரண்டியோடு நான் வெட்டவெளியில் குந்தியிருந்தேன். என் டீக்கடைப் பேச்சு காதுக்கு எட்டி, எதிரே மதுவிலக்கு சபை நின்றது. அதன் நடுவில், ஸ்டெல்லா அனுப்பிய குடும்பப் போட்டோவில் இருந்த அதே மீசை. குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பட்டப்பகல்ல காய்ச்சறான். எனக்கே ஊத்தட்டுமான்றான்!" என்று லூர்துசாமி மீசை துடிக்கக் கத்தினார். "போலீசுக்குப் போன் போடு சூசை!"

"ஐயோ, இது சுக்கு காப்பிங்க!"

"புடிபட்டவன்லாம் அப்படித்தான்டா சொல்லுவான். யாராவது குடிச்சிப் பாருங்கப்பா."

இங்கேதான் சபைக்குச் சோதனை வந்தது. தலைவர் ஜென்மத்தில் சாராயம் தொட்டதில்லை. குடித்தாலும் அது சாராயமா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. கூட வந்த இருவரும் அப்படியே. ருசி தெரிந்த ஒரே ஆள் சூசை. அவர் குடியை விட்டு பலிபீடத்தின் முன் சத்தியம் செய்தவர். "ஒருவேளை அதுவா இருந்துட்டா என் சத்தியம் இன்னா ஆவறது தலைவரே?" என்று பின்வாங்கினார். நான் குடித்துக் காட்டுகிறேன் என்றேன். "நீ குடிப்பன்னு எங்களுக்குத் தெரியும்டா" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து வரப்பில் ஒரு பெண் வந்தாள். முட்டி வலிக்கார அப்பாவை ரெய்டுக்கு ஸ்கூட்டரில் கூட்டி வந்து, வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்த ஸ்டெல்லா. என்னைப் பார்த்தாள். குல்லாவைப் பார்த்தாள். இன்னொரு முறை என்னைப் பார்த்தாள்.

"ஆரோக்கியம்?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். (கூடாரத்துக்குத்தான் தரை இல்லையே, சுலபமாக முடிந்திருக்கும்.) லூர்துசாமி என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் என் கல்யாணம் நின்றுபோவதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஸ்டெல்லா நேராக அடுப்பிடம் போனாள். டம்ளரை எடுத்து மொண்டாள். "அதைத் தொடாத!" என்று அப்பா அலறினார். ஊதி ஊதி முழுசாகக் குடித்தாள்.

"சுக்கு காப்பிதாம்ப்பா," என்றாள். "வெல்லம்தான் ஜாஸ்தி."

சபை முழுவதும் மூச்சு விட்டது. முதலில் விட்டது நான். அழுகை வந்துவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன். சூசை ஓடி வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார். அதுவரை 'டா' போட்ட லூர்துசாமி கூடாரத் துணியைத் தானே மடித்துக் கொடுத்து, "நாளைக்குப் பூசை முடிஞ்சி வந்துடறோம் மாப்ள. முகத்தை மட்டும் கழுவிக்கினு இருங்க" என்றார்.

அடுத்த மாதமே சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. கல்யாணமும் ஆயிற்று. இன்றைக்கும் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், உங்களுக்கு மாப்பிள்ளையை யார் பார்த்தது என்று யாராவது ஸ்டெல்லாவைக் கேட்டுவிடுவார்கள். அவள் அப்பாவைக் கை காட்டிச் சொல்வாள்:

"எல்லார் வூட்லயும் மாப்ள பாப்பாங்க. எங்க அப்பா ரெய்டு பண்ணிப் புடிச்சாரு."