கூட்டணிக்காரர் கால்வாயைக் கடந்த கதை

கூட்டணிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தேர்தலில் நிற்கிறவர்களைச் சொல்லவில்லை. அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் கூடி, மேஜையில் ஒரு அட்டைப் பலகையை விரித்து, அதன்மேல் பொம்மைக் கப்பல்களைப் பரப்பி, கடலை யார் ஆள்வது என்று மோதிக்கொள்ளும் விளையாட்டுகள் இருக்கின்றன அல்லவா, அங்கே வந்து உட்காருகிறவரைச் சொல்கிறேன். பலகையில் அவருக்கென்று இருப்பது இரண்டு கப்பலும் ஒரு கோட்டையும்தான். ஆனால் மேஜையைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரோடும் அவருக்கு உடன்படிக்கை இருக்கும். தனித்தனியாக. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரோடு.

இவரை அடையாளம் காண ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமையே போன் வந்துவிடும்.

"சும்மாதான் கூப்பிட்டேன் டாக்டர். முட்டி வலி எப்படி இருக்கு? வெந்நீர் ஒத்தடம் குடுக்கிறீங்களா? நல்லது. அப்புறம், நாளைக்கு அவ தெற்குப் பக்கமாத்தான் வருவா. பாத்துக்குங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

முட்டியை விசாரித்தவர் என் அத்தான். முட்டிக்குச் சொந்தக்காரர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். தெற்கிலிருந்து வரப்போகிற அந்த 'அவ', என் அக்கா. அதாவது போன் பேசியவருடைய மனைவி. பேசும்போது அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள், கதவும் திறந்துதான் இருக்கும். உடன்படிக்கை செய்கிறவருக்கு ரகசியம் முக்கியம், கதவு முக்கியமில்லை.

நாங்கள் ஆடுகிற விளையாட்டு ஒன்றும் கஷ்டமானதில்லை. ஒரு வளைகுடா, சுற்றிலும் துறைமுகங்கள், நடுவில் மரத்தால் செய்த சின்னக் கலங்கரை விளக்கம், ஆளுக்குக் கொஞ்சம் செம்பு, உப்பு என்று சரக்கு அட்டைகள். முதலில் ஐந்து துறைமுகத்தைப் பிடிக்கிறவர் ஜெயித்தார். ஜெயிக்கிறவர் ஒருவர்தான். இந்தக் கடைசி விதியைத்தான் கூட்டணிக்காரரால் ஒப்புக்கொள்ளவே முடியாது. "ரெண்டு பேரும் சேர்ந்தே ஜெயிக்கலாம்" என்பார் டாக்டரிடம். கைகழுவப் போகிற சாக்கில் வந்து அதையே என்னிடமும் சொல்வார். அக்காவிடம் சமையலறையில் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

அவருடைய உடன்படிக்கைகள் எல்லாமே ஒரு சொல்லின்மேல் நிற்பவை. இப்போதைக்கு. "இப்போதைக்கு உங்களைத் தொட மாட்டேன் டாக்டர்." இப்போது என்பது எவ்வளவு நேரம்? டாக்டரின் டீ ஆறுகிற வரைக்கும். டீ ஆறியதும் அத்தானின் கப்பல் டாக்டரின் துறைமுக வாசலில் வந்து நிற்கும். டாக்டர் பரிதாபமாக நிமிர்ந்து பார்ப்பார். "அடிக்க மாட்டேன்னுதான சொன்னேன் டாக்டர்? நிக்க மாட்டேன்னு சொல்லலையே" என்பார் அத்தான், ஏதோ டாக்டர்தான் வார்த்தை தவறிவிட்ட மாதிரி.

யாராவது தன்னை நோக்கிக் கப்பலைத் திருப்பினால் அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார். "என்னைப் பாக்காதீங்க, அவளைப் பாருங்க. அடுத்த சுத்துல முடிச்சிடுவா." எல்லோரும் உடனே அக்காவைப் பார்ப்பார்கள். அக்கா அப்போது ஒரு துறைமுகத்தை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருப்பாள். அதனால் என்ன? பார்த்தாகிவிட்டது. டாக்டர் அக்காவை அடிப்பார், அக்கா என்னை அடிப்பாள், நான் டாக்டரை அடிப்பேன், இந்தக் களேபரத்துக்கு நடுவே அத்தான் சமாதானத் தூதர் மாதிரி பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டிருப்பார்.

இவ்வளவு சாமர்த்தியம் உள்ளவர் வாரா வாரம் ஜெயித்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எல்லோரோடும் கைகுலுக்கி வைத்திருக்கிறவர் யாரைத்தான் அடிப்பது? எப்போதும் இரண்டாவதாக வருவார். வந்தபின், முதலில் வந்தவருக்கு, எப்படி ஜெயிப்பது என்று அரைமணி நேரம் பாடம் எடுப்பார்.

இந்த இடத்தில் கலங்கரை விளக்கச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். வாழ்க்கையிலேயே ஒரே ஒரு முறை டாக்டர் தன் சொல்லை மீறினார். உப்புத் துறைமுகத்தைத் தொட மாட்டேன் என்று அத்தானிடம் சொல்லிவிட்டுத் தொட்டுவிட்டார். தொட்ட கையோடு மன்னிப்பும் கேட்டு, தன் பங்கு முறுக்கில் பாதியை உடைத்தும் கொடுத்தார். அத்தானுக்கு மனம் ஆறவில்லை. வாக்குக்கு மரியாதை இல்லாத மேஜை ஒரு மேஜையா என்று ஒரு வாரம் புழுங்கிவிட்டு, சட்டம் போட்டார். கலங்கரை விளக்கத்தின்மேல் விரலை வைத்துச் சொன்னால் அது சொன்னதுதான். மீறினால் அந்த வருஷம் முழுக்க மேஜைப் பக்கமே வரக்கூடாது. அதன்பின் நாங்கள் மூவரும் பலமுறை அந்த விளக்கைத் தொட்டிருக்கிறோம். சட்டம் போட்டவர் மட்டும் தொட்டதில்லை. வாக்குக் கொடுக்கிற நேரத்தில் அவருடைய இரண்டு கையும் டீ கப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சரி, இப்படிப்பட்டவர் வெளியுலகில் எப்படி இருப்பார்? அதையும் பார்த்துவிடுவோம். அத்தானுக்கு வாகன இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. இடித்து நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து, எந்தப் பள்ளம் புதுசு, எந்தப் பள்ளம் போன வருஷத்தது என்று சொல்கிற வேலை. வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அவர் தலைக்குமேலே இருக்கிற மின்விசிறி ஓடி வருஷங்கள் ஆகின்றன. அதைச் சரிசெய்து தரும்படி மேனேஜரிடம் கேட்க அவருக்கு வாய் வந்ததில்லை. கோடை வந்தால் ஒரு கோப்பால் விசிறிக்கொள்வார். வளைகுடா முழுவதையும் வாயாலேயே பங்குபோட்டுக் கொடுக்கிறவர், எட்டடி தள்ளி இருக்கிற ஒரு கதவைத் தட்ட மாட்டார்.

இது வெறும் காற்று விஷயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அக்காவுக்கு நகரத்துக் குடிநீரைச் சோதிக்கிற கூடத்தில் வேலை. ரயிலில் அரைநாள் தள்ளி இருக்கிற ஒரு ஊரில் புதிதாக ஒரு சோதனைக்கூடம் தொடங்கி, அதற்குத் தலைமை ஏற்க அவளைக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் அடுத்தவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தவளுக்கு, தானே கையெழுத்துப் போடுகிற வேலை. அத்தானுடைய அலுவலகத்துக்கும் அந்த ஊரில் கிளை உண்டு, அங்கே காலி இடமும் உண்டு. மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"நேரம் பாத்துக் கேட்கணும். அவர் மூடு சரியில்லை" என்றார் அத்தான்.

"மூணு வாரமாவா சரியில்லை?"

"மேனேஜர்னா அப்படித்தான் இருப்பார்."

அக்கா பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நாங்கள் கூடினோம். கப்புகளைக் கழுவிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள். "நான் மட்டும் போறதுன்னா என்னிக்கோ சரின்னு சொல்லியிருப்பேன். இவரை விட்டுட்டுப் போனா, அங்க கிடைக்கிற நல்ல பேரை யார்கிட்ட வந்து சொல்றது?" கப்பைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

அன்றைக்கென்று பார்த்து அத்தானுக்கு யோகம் அடித்தது. டாக்டரும் நானும் ஒருவரையொருவர் அடித்து ஓய்ந்திருந்த நேரத்தில், எப்படியோ நான்கு துறைமுகங்கள் அவர் கைக்கு வந்துவிட்டன. உப்புத் துறைமுகம் காவல் இல்லாமல் கிடந்தது. அதைப் பிடித்தால் ஆட்டம் முடிந்தது. அங்கே போகக் கால்வாய் இருக்கிறது. கால்வாயின் வாயில் அக்காவின் கப்பல் நிற்கிறது.

வடக்கே இன்னொரு வழியும் இருந்தது. முனையைச் சுற்றிக்கொண்டு, நீலமாக, விரிந்து, ஒரு படகுகூட இல்லாமல். கட்டங்களை எண்ணினால் அந்தச் சுற்றிலேயே எட்டிவிடலாம். நான் எண்ணினேன். டாக்டரின் உதடு அசைந்ததைப் பார்த்தால் அவரும் எண்ணியிருக்கிறார்.

அத்தான் வடக்குப் பக்கம் திரும்பவே இல்லை. கால்வாயைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வழி விடு."

"விடறேன். என்ன தருவீங்க?"

"செம்பு அட்டை அத்தனையும் எடுத்துக்கோ."

"வேணாம்."

"அடுத்த வாரம் உன்னைத் தொட மாட்டேன்."

"இப்போதைக்கா?"

டாக்டருக்கு டீ புரையேறியது.

"சரி, நீயே சொல்லு. என்ன வேணும்?"

"நாளைக்குக் காலைல மேனேஜர்கிட்ட டிரான்ஸ்ஃபர் கேட்கணும்."

அத்தான் கப்பைக் கீழே வைத்தார். "அது விளையாட்டுக்கு வெளியில இருக்கு."

"கால்வாய் உள்ளதான் இருக்கு."

"டாக்டர், இது முறையா? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் நல்ல மனிதர். "தம்பி, அதெல்லாம் எதுக்கு, நீங்க பேசாம இப்படி..." என்று விரலை வடக்கே நீட்டினார். அக்கா பிஸ்கட் தட்டை அந்த விரலுக்கு அடியில் நீட்டினாள். "டாக்டர், நீங்க எடுத்துக்கவே இல்லையே." அவர் எடுத்துக்கொண்டார். அடுத்தவர் வாயை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்டே பழகியவர். தன் வாய் அடைபட்டதும் பேச்சை எங்கே விட்டோம் என்று தெரியாமல் மென்றுகொண்டிருந்தார்.

"சாமியாரே, நீ என்ன சொல்றே?" என்றார் அத்தான் என்னிடம். நான் அதிகம் பேசாததால் எனக்கு அவர் வைத்த பெயர் அது.

"எனக்கு இதுல ஒண்ணுமில்லை அத்தான்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே எண்ணிய அட்டைகளை மறுபடி எண்ணினேன்.

பிறகு நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. மனிதர் பயந்துவிடவில்லை. பேரம் தொடங்கிவிட்டதல்லவா, தண்ணீரில் விட்ட மீன் மாதிரி ஆகிவிட்டார்.

"இந்த வாரத்துக்குள்ள கேட்கறேன்."

"நாளைக்கு."

"மத்தியானம்? சாப்பிட்டப்புறம் அவர் கொஞ்சம் நல்லா இருப்பார்."

"காலைல."

"மெயில் போடட்டுமா?"

"நேர்ல. உள்ள போய்."

"பதினொரு மணி வரைக்கும் காலைதான், ஒத்துக்கிறியா?"

அக்கா நன்றாக யோசிப்பவள்போல நெற்றியைத் தேய்த்தாள். "சரி. உங்களுக்காகப் பதினொண்ணு."

அத்தான் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். இரண்டு மணி நேரத்தைக் கறந்துவிட்ட பெருமை அந்த முகத்தில் வழிந்தது.

"விளக்கைத் தொட்டுச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

கை கப்பைத் தேடிப் போனது. டீ தீர்ந்துபோன கப்பை அவள் எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள். கை காலியாக நிற்க, அத்தான் கால்வாயைப் பார்த்தார், உப்புத் துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அந்த மர விளக்கின் தலையில் வைத்தார். சொன்னார்.

அக்கா கப்பலை ஒரு கட்டம் நகர்த்தினாள். அத்தான் கடந்தார். ஜெயித்தார்.

எங்கள் மூவரோடும் கைகுலுக்கினார்; விட்டிருந்தால் தன்னோடும் குலுக்கிக்கொண்டிருப்பார். பேச்சுவார்த்தை என்பது ஒரு கலை என்றும், கொஞ்சம் கொடுத்து நிறைய வாங்கத் தெரிய வேண்டும் என்றும் விளக்கினார். கப்பல்களைப் பெட்டியில் போடும்போதுதான் டாக்டருக்கு வாய் ஒழிந்தது.

"தம்பி, வடக்கால ஒரு வழி இருந்துச்சே. கவனிச்சீங்களா?"

"அங்க யார் டாக்டர் இருந்தா?"

"யாருமே இல்லை."

"அதான் சொல்றேன்," என்றார் அத்தான் பொறுமையாக. "யாருமே இல்லாத இடத்துல யார்கிட்ட பேசறது?"

திங்கட்கிழமை நடந்ததை அக்கா எனக்குப் போனில் சொன்னாள். பதினொன்று அடிக்கப் போகிற நேரத்தில் அத்தான் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார். மேனேஜர் நிமிர்வதற்குள் ஒரே மூச்சில், "சார், எனக்கு டிரான்ஸ்ஃபர் மட்டும் குடுத்தீங்கன்னா, அங்க சனிக்கிழமையும் வந்துடறேன், இங்க பாக்கி இருக்கிற கேஸையெல்லாம் முடிச்சிட்டுத்தான் போவேன், ஃபேனைப் பத்திக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி முடித்திருக்கிறார்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த ஃபேன்?" என்று கேட்டாராம். பிறகு, "அந்தக் கிளைக்கு ஆள் இல்லாம நானே திண்டாடிட்டிருக்கேன். ஒருத்தரும் போறேன்னு சொல்லலை. தாராளமா போங்க. சனிக்கிழமை வரேன்னு சொன்னீங்களே, அதுவும் நல்லதுதான்" என்றாராம்.

இப்போது அந்த ஊர்ச் சோதனைக்கூடத்தில் அக்கா கையெழுத்துப் போடுகிறாள். சனிக்கிழமைகளில் அத்தான் அலுவலகம் போகிறார். ஏன் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "மேனேஜரோட ஒரு உடன்படிக்கை" என்கிறார். எதிர்வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறாராம். அவருடைய இடுப்பு வலியை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி.

இவ்வளவையும் படித்துவிட்டு, நல்லவேளை நான் இந்த ரகம் இல்லை என்று சாய்ந்து உட்காராதீர்கள். திறந்து கிடக்கிற வழியை விட்டுவிட்டு, ஆள் நிற்கிற வழியாகப் பார்த்துப் போய் அனுமதி கேட்டதில்லையா நீங்கள்? யாரும் கேட்காத சனிக்கிழமையைத் தூக்கிக் கொடுத்ததில்லையா? கூட்டணியே எனக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு, சரியான நேரத்தில் அட்டைகளை எண்ணியதில்லையா? அதெல்லாம் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். இதைப் படிக்கப் படிக்க, யாருக்குக் காட்டலாம், யார் கண்ணில் படாமல் வைக்கலாம் என்று உங்கள் மனதில் ஒரு கணக்கு ஓடியதே. அது என்னவாம்?

பரவாயில்லை. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு.