மாமனாருக்குப் போட்ட மாட்டு முடிச்சு

பெற்ற மாமனாரைக் கயிற்றால் கட்டிப் போட்ட மாப்பிள்ளை எங்கள் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் ஒரு கடுதாசி போடுங்கள், ஆறுதலாக இருக்கும். ‘பெற்ற மாமனார்’ என்று சொல்லக் கூடாதுதான். அன்றைய பதற்றம் இன்னும் போகவில்லை.)

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி கமலா முழுகாமல் இருந்தாள். மாமனார் மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். அவர் மீசைக்குப் பயந்தே மாடுகள் ஒழுங்காக நிற்கும் என்பார்கள். சமயபுரத்தாளுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு, குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரத்தில் இறங்கினார். ஒரே கூடம், அதில் ஊர்ப்பட்ட குடும்பங்கள், கதவு என்று ஒன்று கிடையாது.

மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் மொட்டை போடக் கூடாது. ஆகவே மற்றவர்கள் காலையில் சமயபுரம் பஸ் ஏற, நான் மூட்டைகளுக்குக் காவல். தகரப் பெட்டியில் மாமியாரின் கூறைப்புடவை இருந்தது.

“அதைக் கட்டிக்கிட்டுத்தான் பெருமாளைப் பாக்கணும்னு உங்க அத்தை பிடிவாதமா இருக்கா. பெட்டி பத்திரம் மாப்பிள்ளை” என்றார் மாமனார். மூட்டைகளையெல்லாம் பெட்டியோடு சேர்த்துக் கட்ட ஒரு மாட்டு முடிச்சும் சொல்லிக்கொடுத்தார். “இழுக்க இழுக்க இறுகும். நம்ம தொழில்காரனைத் தவிர எவனாலயும் அவுக்க முடியாது.”

என்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று அவர் நினைப்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு நிரூபித்துவிடுவது என்று பெட்டிமேலேயே உட்கார்ந்தேன்.

பக்கத்துப் பாயில் இருந்த புதுக்கோட்டை அம்மாள் தன் பங்குக்குப் பயமுறுத்தினாள். “தம்பி, மொட்டத் தலையா எவன் வந்தாலும் நம்பாதீங்க. எல்லாம் ஒண்ணுபோல இருப்பானுங்க. எங்க அண்ணன் பொட்டி அப்படித்தான் போச்சு.”

பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புகிறேன், சந்தனம் பூசிய ஒரு மொட்டைத் தலை எங்கள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறது! அதுவும் இரண்டே இழுப்பில். கைதேர்ந்த கள்ளன் என்று முடிவு கட்டிப் பாய்ந்தேன். மொட்டை போடுவார் என்று தெரியும். மீசையும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

வாய் நிறைய வெற்றிலை. “ம்ம், ம்ம்” என்றாரே தவிர பேச்சில்லை. கூடத்தில் துப்பவும் மனமில்லை. புதுக்கோட்டை அம்மாள் கால்களைப் பிடித்துக்கொள்ள, அதே கயிற்றால், அதே மாட்டு முடிச்சுப் போட்டுத் தூணோடு சேர்த்துக் கட்டினேன். கடைசியில் வெற்றிலையை விழுங்கிவிட்டு, “மாப்பிள்ளை, நான்தாங்க” என்றார்.

“மாப்பிள்ளைன்னு சொந்தம் வேற கொண்டாடுறியா? பேரைச் சொல்லுடா.”

சொன்னார். மாமனார் பெயரேதான்.

“பேரு வரைக்கும் விசாரிச்சுட்டு வந்திருக்கான் பாருங்க” என்று கூடத்தாரிடம் முறையிட்டேன். எல்லாரும் மெச்சினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னை மெச்சியது அன்றைக்கு மட்டும்தான்.

வளையல் கடையில் பின்தங்கியிருந்த கமலா அப்போதுதான் அம்மாவோடு உள்ளே வந்தாள். “எங்கப்பாவை எதுக்குங்க கட்டி வச்சிருக்கீங்க?”

அவசரமாக முடிச்சில் கை வைத்தேன். முடிச்சு திமிறலில் இறுகிப்போய், அதை அவிழ்க்கத் தெரிந்த ஒரே ஆளின் கை தூணுக்குப் பின்னால் இருந்தது. சமையல்கட்டிலிருந்து அரிவாள்மணை வரவழைத்துத்தான் அறுத்தோம். மாப்பிள்ளையைத் திட்டக் கூடாதே! மாமனார் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, “முடிச்சு நல்லாப் போடுறீங்க மாப்பிள்ளை” என்றார். மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்தாள். “புடவை இருக்குல்ல, விடுங்க” என்று சொன்னவள், பெருமாள் சந்நிதி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மறுவருஷம் என் மகனுக்கு முதல் மொட்டை. மாமனார் அவனைத் தூக்கி வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். “நல்லாப் பாத்துக்கங்க மாப்பிள்ளை. இது உங்க புள்ளதான்.”

இப்போது என் தலையில் முடி கிடையாது. கண்ணாடி முன்னால் நின்றால் போதும், பேத்தி ஓடி வந்து கேட்கிறாள்: “தாத்தா, கயிறு எடுத்துட்டு வரவா?”