சீட்டு நாளன்று மட்டும் கிழியும் பூட்ஸ்

பாவப்பட்டவர்கள் ஒரு ரகம் என்றால், பாவமாக நிற்கத் தெரிந்தவர்கள் இன்னொரு ரகம், வாசகரே. இன்று நான் அறிமுகப்படுத்தப் போவது இரண்டாவது ரகத்தை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த முதல் குளிர்காலம் அது. எங்கள் ஹாலந்தில் தோலுக்கு அத்தனை பஞ்சம். பூட்ஸ் வாங்கச் சீட்டு வேண்டும். சீட்டுக்குப் பங்கீட்டு மேஜை முன் காலைத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்ட வேண்டும். இந்த ரகத்துக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்குமா?

எங்கள் தெருவில் இதற்கு உதாரணம், தானியக்கடை வீபே டெர்ப்ஸ்ட்ரா. வீட்டு அலமாரியில் இரண்டு ஜோடி நல்ல பூட்ஸ் மெழுகு தடவி, செய்தித்தாள் சுற்றித் தூங்கும். சீட்டு நாளன்று அவர் மாட்டுவதோ, கால்வாயில் தூர் வாரியபோது கிடைத்த ஜோடி. மாட்டியதும் வலது கால் இழுக்கும், இருமல் வரும், குரல் பாதியாகும், பெருமூச்சு இரட்டிப்பாகும். அழுவாரா? மாட்டார். அழப்போகிறவர்போல் முகத்தை வைத்து, அதோடு நிறுத்திக்கொள்வார்.

அவருக்குப் பின்னால் வரிசையில் ஹில்ட்யே நின்றாள். பனியில் பண்ணை பண்ணையாக நடந்து பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. அவள் பூட்ஸின் அடியில் இருந்தது சைக்கிள் டயர். ஆனால் மெருகேற்றாத காலணியோடு எங்கள் ஊர்ப் பெண் அலுவலகப் படி ஏறுவாளா? அடுப்புக்கரியில் துளிக் கொழுப்பு கலந்து தேய்தேய் என்று தேய்த்து வந்திருந்தாள். அங்கேதான் கெட்டாள்.

"பளபளன்னு இருக்கேம்மா. இந்தக் குளிர் தாங்கும்" என்றார் குமாஸ்தா.

"அடியப் பாருங்க ஐயா."

"டயர் தோலவிட உழைக்கும். இருக்கறது ஒரே சீட்டு. முன்னாடி நிக்கிற பெரியவரப் பாருங்க, கட்டைவிரல் வெளிய எட்டிப் பாக்குது."

பெரியவர் இருமினார். சீட்டு அவருக்கு.

இரண்டே வாரம். நாலு கிலோமீட்டர் தள்ளிப் பண்ணையில் இருந்த அவர் மகளுக்கு வலி கண்டது. சைக்கிள் போகாத பனி. டெர்ப்ஸ்ட்ரா அந்தச் சீட்டில் வாங்கிய புத்தம்புது பூட்ஸோடு ஹில்ட்யேயின் வாசலுக்கு ஓடினார்.

"சீக்கிரம் வாம்மா, பொண்ணு துடிக்கிறா."

ஹில்ட்யே தன் பூட்ஸைத் தூக்கிக் காட்டினாள். டயர் நார்நாராகத் தொங்கியது. "இதோட நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள நடக்கவே ஆரம்பிச்சிடும். உங்க கால்ல இருக்கறதக் கழட்டுங்க."

அவர் வாயைத் திறந்தார். பழக்கம் பேசியது.

"எனக்கு இருக்கறது இது ஒண்ணுதாம்மா."

"பொண்ணு உங்களுக்கு எத்தன?"

அவர் பனியிலேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். தன் காலுக்குப் பெரிதான அவற்றின் முனையில் காகிதம் அடைத்துக்கொண்டு அவள் புறப்பட்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் மகளும் பேத்தியும் நலம் என்று செய்தி வந்தது. காலுறையோடு நிஜமாகவே நொண்டிக்கொண்டு வீடு திரும்பியவரைப் பார்த்து, 'இன்று சீட்டு நாள் இல்லையே' என்று தெரு வியந்ததே தவிர, ஒருவரும் இரங்கவில்லை. பூட்ஸை அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சலுகை கேட்கப் போன அன்று, நல்ல சட்டையை வீட்டில் விட்டுவிட்டு, சாயம் போனதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டீர்களே, அதை நான் பார்க்கவில்லை. உங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது யார் என்று நீங்களும் பார்க்கவில்லை.