மாமனார் மூளைக்குப் பூஜ்ஜியம்

என் மாமனாருக்கு மூளை இல்லை என்று எழுத்துபூர்வமாக நிரூபித்தவன் நான். மற்ற மாப்பிள்ளைகள் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்கிற விஷயத்தை, நான் பெண் கேட்டுக்கொண்டிருந்தபோதே கம்ப்யூட்டரில் அச்சடித்து அவர் கையில் கொடுத்தேன். இதற்காக எனக்கு யாரும் பட்டம் தரவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கடலைக்காட்டிலிருந்து தப்பித்து, பி.எஸ்சி. பௌதிகம் என்ற ஒரே ஆயுதத்துடன், அட்டப்பாடி மலையோரம் ஆனைகட்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தற்காலிக டெக்னீஷியனாக இருந்தேன். பெரிய டாக்டர் ஞானராஜ் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வரும்போது, மூளையின் மின் அலைகளைக் காகிதத்தில் கோடாக இழுக்கும் பழைய இயந்திரம் ஒன்றையும், அந்த அலைகளை எண்ணிச் சொல்லும் புரோகிராம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். புரோகிராம் என்றால் ஓட்டை போட்ட அட்டைகள். செருப்புப் பெட்டி நிறைய. அதைக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பது என் பொறுப்பு.

"ஏலே வேலுச்சாமி, மாசக் கடைசிக்குள்ள இது ஓடிட்டுன்னா ஒன் வேலை பெர்மனென்ட். ஓடலைன்னா நீ கடலை பறிக்கப் போயிரு" என்றார் டாக்டர்.

அந்தப் பெர்மனென்டை என்னைவிட ஆவலாக எதிர்பார்த்தவர் நாச்சிமுத்து மாமா. தூரத்து உறவு, தென்னந்தோப்புக்காரர், சரசுவின் அப்பா. வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று சொல்லிவிட்டார். (சரசுவை நான் ஒரே ஒரு தடவை, மாரியம்மன் நோம்பியில் பார்த்திருந்தேன். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்கும் வழக்கம் அப்போது கிடையாது.)

மாப்பிள்ளை என்னதான் வேலை பார்க்கிறான் என்று பார்க்க மாமா ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். விட்டேனா? தலையில் கட்டியிருந்த உருமாலையை அவிழ்க்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்து, தலை முழுக்க ஒயரை ஒட்டினேன்.

"ஏனுங்க தம்பி, உள்ள நெனைக்கறதெல்லாம் காயிதத்துல வந்துருமுங்களா?"

"அதெல்லாம் வராதுங்க மாமா."

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாமாவின் அலைகளை ஒவ்வொன்றாக ஸ்கேல் வைத்து அளந்து, அட்டைகளில் ஏற்றி, புரோகிராம் அட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினேன். புரோகிராமுக்குப் போடும் முதல் தீனியே மாமாவின் மூளைதான். பெண் கேட்பதற்கு இதைவிடச் சிறந்த வழி உண்டா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பிள்ளையார் சுழி போடாமல் எதுவும் தொடங்காது. மளிகைச் சீட்டு, சலவைச் சீட்டு, மாட்டு டாக்டருக்கு எழுதும் கடிதம், எல்லாவற்றின் தலையிலும் ஒரு 'உ' இருக்கும். அறிவியல் மட்டும் அநாதையா? ஓட்டை போடாத புது அட்டை ஒன்றை எடுத்து, மையால் சுழி போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

புதன்கிழமை பெட்டி கம்ப்யூட்டருக்குப் போனது. அடுத்த புதன் திரும்பி வந்தது, கூடவே ஒரு துண்டுக் காகிதம்: 'முதல் கார்டு தவறு.'

நீங்களாக இருந்தால் முதல் கார்டைப் பார்த்திருப்பீர்கள். நான் இரண்டாவதைப் பார்த்தேன். ஏனென்றால் முதலில் இருந்தது கார்டே அல்ல, பிள்ளையார். ஆகவே அவருக்கு அடுத்திருந்த அட்டையை மறுபடி ஓட்டை போட்டு அனுப்பினேன். மறுபடி தவறு. அட்டப்பாடி ஈரத்தில் அட்டைகள் நமத்துப்போயிருக்கும் என்று, மொட்டைமாடியில் தலையணை உறைகளுக்கு நடுவே பரப்பிக் காயவைத்தேன். அப்போதும் தவறு. கடைசியில் ஆபரேட்டர்மீது சந்தேகம் வந்து, நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலத்துடன் நேரில் போய் நின்றேன். அவர் அதை நிதானமாகத் தின்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க, மேல ஒரு வெத்துக் கார்டு இருக்குதுங்களே, அதை எடுத்துருங்க."

"வெத்துக் கார்டா? சுழி போட்டிருக்குதுங்களே!"

"மிசினு ஓட்டையத்தானுங்க படிக்கும்."

புத்தியுள்ளவன் அந்த அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருப்பான். நான் யோசித்தேன். புரோகிராமை எழுதியவர் வெள்ளைக்காரர். அவருக்குப் பிள்ளையார் தேவையில்லை, சரி. ஆனால் பின்னால் இருப்பது மாமாவின் மூளை. அது நம் வீட்டு விஷயம். எனவே பிள்ளையாரைப் பக்தியோடு தூக்கி, புரோகிராம் முடிந்து மாமா தொடங்கும் இடத்தில் செருகினேன்.

மாதக் கடைசி. கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைக்கு டாக்டரும் வந்தார், சலவைச் சட்டையில் மாமாவும் வந்தார். ஆபரேட்டர் அட்டைகளைப் போட்டார். இந்தத் தடவை மிசின் எதையும் துப்பவில்லை. பிரிண்டர் கடகடவென்று அடித்தது. "ஓடிருச்சுங்க டாக்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். காகிதத்தைக் கிழித்து, பெருமையோடு, நேராக மாமா கையிலேயே கொடுத்தேன்.

மேலிருந்து கீழ்வரை பூஜ்ஜியம்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். பிறகு மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "நாடி ஓடுது. ஆனா இந்தக் காயிதப்படி பாத்தா, இவரு செத்து ரொம்ப நேரமாச்சு. என்னலே இது?"

இங்கேதான் நான் வரலாறு படைத்தேன். "மிசின் தப்புப் பண்ணாதுங்க டாக்டர்" என்றேன்.

"அப்ப தப்பு என்ற மண்டையிலதானுங்களா?" என்றார் மாமா.

வேலையும் போச்சு, சரசுவும் போனாள் என்று எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. மாமா மட்டும் பதறவில்லை. "இந்தப் பெட்டியில நா எங்கீங்க இருக்கறேன்?" என்றார். காட்டினேன். மஞ்சள் தொட்ட அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மத்த அட்டையிலெல்லாம் பொத்தல் இருக்குது, இதுல இல்லீங்களே. மொத ஆளே வெறுங்கையோட வந்து நின்னா, வந்த கூட்டமே அவ்வளவுதான்னு அது நெனச்சுக்காதுங்களா?"

ஆபரேட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எத்தனை அலைகள் வருகின்றன என்று சொல்ல வேண்டியது மாமா தொடங்கும் இடத்தில் இருக்கும் முதல் அட்டைதான். ஓட்டையில்லாத இடத்தை மிசின் பூஜ்ஜியம் என்று படிக்கும். பூஜ்ஜியம் அலைதானே என்று அது மேற்கொண்டு எதையும் எண்ணவே இல்லை. அட்டையை எடுத்துவிட்டு ஓட்டியதும் மாமாவின் மூளை பக்கம் பக்கமாக வந்து கொட்டியது.

"ஏலே, வேலைக்கு இவரையில்லா வச்சிருக்கணும்!" என்று டாக்டர் சிரித்தார். ஆனாலும் சொன்ன வாக்குப்படி பெர்மனென்ட் ஆக்கினார்.

திரும்பும் பஸ்சில் மாமா என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பூஜ்ஜியக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வேலந்தாவளம் தாண்டியதும் நானே, "மன்னிச்சுக்குங்க மாமா" என்றேன்.

"அட உடுங்க. வேலையே போனாலும் பரவாயில்லைன்னு ஒரு வெத்து அட்டையக் கைவுடாத ஆளு நீங்க. என்ற புள்ளையவா கைவுட்டுருவீங்க? தையிலயே முகூர்த்தம் வெச்சுக்கலாமுங்க."

அந்தக் காகிதத்தை மாமா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு பங்காளித் தகராறோ பம்புசெட் தகராறோ, யார் வந்து யோசனை கேட்டாலும் சுவரைக் கை காட்டுவார். "எனக்குத்தான் உள்ள ஒண்ணுமே இல்லீன்னு மாப்ள அச்சடிச்சுக் குடுத்துட்டாருங்களே. அவருகிட்டயே கேளுங்க."

மாமா போய்ப் பல வருடமாகிறது. சட்டம் இப்போது எங்கள் வீட்டில். போன வாரம் மிக்ஸி ஓடவில்லை என்று அக்கு அக்காகக் கழற்றித் தரையில் பரப்பி வைத்து, மோட்டார் போய்விட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். சரசு அடுப்பைவிட்டுத் திரும்பக்கூட இல்லை.

"மொதக் கார்டைப் பாத்தீங்களா?"

பார்த்தேன். பிளக் மாட்டவில்லை.