சும்மா உட்கார விடாதவர்

விடுமுறையை அனுபவிப்பவர்கள் ஒரு ரகம். விடுமுறையை நடத்துபவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தை நீங்கள் எந்தக் காட்டுப் பூங்காவிலும் பார்க்கலாம். தலையில் தொப்பி, மார்பில் தொலைநோக்கி, வாயில் விசில். பின்னாலேயே களைத்துப்போன ஒரு குடும்பம் வரும்.

காப்பீட்டு அலுவலக மேலாளர் ஒருவர் இந்த ரகத்தில் உயர்ந்த ஜாதி. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரக்கணக்கில் இரவுப் பணி பார்த்துக் கண்ணெல்லாம் எரிய, "எங்கயாவது போய்ச் சும்மா உட்காந்துட்டு வரலாங்க" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். 'எங்கயாவது போய்' என்பது மட்டும் கணவர் காதில் விழுந்தது.

சனிக்கிழமை பூங்காவில் கூடாரம் அடித்தார்கள். காற்று வரும் திசை சரியில்லை என்று பிடுங்கினார்கள். மறுபடி அடித்தார்கள். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சைக் கண்டதும் நர்ஸ் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன உட்காந்துட்ட? அருவி பாக்க வேண்டாமா?"

"இங்கயே நல்லாத்தானேங்க இருக்கு?"

"உட்கார்றதுக்கு வீட்ல சோபா இல்லையா?"

எழுந்து நடந்தார்கள். மேடு, பள்ளம், முள், மறுபடி மேடு. அருவியில் தண்ணீர் இல்லை. மேலாளர் காய்ந்த பாறையைக் கடமை தவறிய குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல் முறைத்துவிட்டு, "சரி, அடுத்து பறவை" என்றார். கூட வந்திருந்த மைத்துனர், எலக்ட்ரீஷியன், காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதுக்கு நான் வேலைக்கே போயிருப்பேன்" என்று முனகினார்.

ஞாயிற்றுக்கிழமை படகு. நர்ஸ் முதலில் ஏறி உட்கார்ந்தார். மேலாளரோ மிதவைச் சட்டையின் வாரை எப்படி இழுக்கவேண்டும் என்று கரையில் நின்று மைத்துனருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் இடது வார். இல்லை, வலது. நர்ஸ் துடுப்பைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். துடுப்பால் கரையை ஒரு தள்ளு தள்ளினார்.

நடு ஏரியில் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டார்.

மேலாளர் விசில் ஊதினார். கரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். படகில் ஒரு கை மட்டும் எழுந்து, நோயாளியின் உறவினரை வெளியே இருக்கச் சொல்வதுபோல் ஆடி, இறங்கியது.

"என்னடா இது! போய்க் கூட்டிட்டு வா!"

"அக்காவுக்கு நீச்சல் தெரியும், மாமா. விடுங்க" என்று மைத்துனர் புல்லில் சாய்ந்தார். அடுத்த நிமிடம் குறட்டை.

நடத்துவதற்கு ஆளே இல்லை. மேலாளர் நின்றார், உட்கார்ந்தார், பக்கத்தில் அடுப்பு மூட்டிய அந்நியருக்கு யோசனை சொன்னார். அந்நியர் அடுப்போடு இடம் மாறினார். கடைசியில் மேலாளரே பெஞ்சில் சரிந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது, வாரக்கணக்கான தூக்கக் கலக்கம் தெளிந்த முகத்தோடு மனைவி எதிரே நின்றார்.

"பாத்தியா! நான் இழுத்துட்டு வரலைன்னா உனக்கு இந்த ஓய்வு கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காதுங்க" என்றார் நர்ஸ். கையிலிருந்த துடுப்பை மட்டும் கீழே வைக்கவில்லை.

நீங்கள் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்தால், மருந்து தேடாதீர்கள்.