கழிப்பறைக் குழுவின் டெலிபோன் கூட்டங்கள்

இந்தியத் தொழில் வரலாறு என்றைக்காவது நேர்மையாக எழுதப்படுமானால், அதில் ஓர் அத்தியாயத்தை காயத்துக்குக் கட்டுப்போடும் துணி தயாரிக்கும் எங்கள் கட்டுத்துணிக் கம்பெனிக்கு ஒதுக்கியாக வேண்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் கிடந்த அரைமணி நேர பஸ் பயணத்தை ஒழித்துக்கட்டியவர்கள் நாங்கள்.

1994இல் எங்கள் முதலாளி சென்னையில் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய், 'கூட்டுப்பணி' என்னும் ஞானத்தோடு திரும்பினார். இனி எல்லாத் திட்டங்களும் 'நேரில் பாதி, போனில் பாதி' என்று சுற்றறிக்கை வந்தது. நேரில் பாதி ராஜபாளையம் தலைமை அலுவலகத்தில், மெதுவடையோடு நடந்தது. போனில் பாதி ஸ்ரீவில்லிபுத்தூர் பேக்கிங் கிளைக்கு, அதாவது கிளார்க்கான எனக்கும் நாற்பது பெண்களுக்கும் கிடைத்தது. பங்கீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் திட்டம், எங்கள் கிளைக்கு ஒரு கழிப்பறை. அதுவரை ஓடைக்கரை முள்மரங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். நிலத்துக்காரர் வேலி போட்டுவிட்டார். அன்றிலிருந்து காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பேக்கிங் மேஜையில் மூத்தவளான சீனியம்மாள் இரண்டு முறை நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்து எழுந்தாள்.

செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு ஸ்பீக்கர் போன் ஒலிக்கும். முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதன் எதிரில் உட்காருவேன். போனுக்குக் கண் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அங்கே ஆண்கள் சிரித்தால், எதற்கென்று தெரியாமலே இங்கே நானும் சிரித்தேன். அவர்கள் காபி உறிஞ்சும் சத்தம் கேட்டால் மட்டும் எனக்கு அடிவயிறு கனக்கும்.

"லேடீஸ் தரப்பு லைன்ல இருக்கியளா?" என்பார் பர்சனல் மேனேஜர் ஐயாதுரை.

"இருக்கோம் சார்."

"அந்த விஷயத்துக்குக் கதவு என்ன கலர்?"

"எந்தக் கலரும் சரி சார். கொஞ்சம் சீக்கிரமா..."

"அப்ப கலரை அடுத்த கூட்டத்துக்கு வச்சிருவோம்."

'அந்த விஷயம்' என்ன என்பதை ஒரு கூட்டத்திலும் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவ்வளவு நாகரிகமான குழு.

"ஏட்டி கிருபா, ஒரு தடவ பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போகச் சொல்லேன். அவிய என்ன சீமையிலயா இருக்காவ?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"அது கூட்டுப்பணிக்கு விரோதம்க்கா."

"அப்ப நாங்களும் போன்லயே போயிருதோம்னு சொல்லு."

பதினான்கு மாதங்களில் அறை எழும்பியே விட்டது. இளநீலக் கதவு, உள்தாழ்ப்பாள், குழாய், தண்ணீர்த் தொட்டி. சாவியோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. திறப்பு விழாத் தேதியைக் குழு இன்னும் முடிவுசெய்யவில்லை. பேக்கிங் கூடத்தில் மெஷின் சத்தம் அதிகம். ஆகவே விழா வரைக்கும், அமைதியான அந்தப் புதிய அறையே குழுவின் 'போன் அறை'யாகச் செயல்படும்.

பீங்கான் மேல் பலகை போட்டு, பலகைமேல் நாற்காலி போட்டார்கள். தொட்டிச் சுவரில் ஸ்பீக்கர் போன். நாங்கள் எதற்காகக் காத்திருந்தோமோ அதன்மேலேயே உட்கார்ந்து, ரிப்பன் வெட்டுவது யார் என்று ஐந்து செவ்வாய்க்கிழமைகள் விவாதித்தேன்.

"உனக்காவது உள்ள போக வாய்ச்சிருக்கு. போயி, சும்மா உக்காந்துட்டு வாரே" என்றாள் சீனியம்மாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால்தான் வந்தது.

ஆறாவது செவ்வாயன்று அவள் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு நடுங்கியது. மூன்றாவது காய்ச்சல். உள்ளே போனில் ஐயாதுரை, "லேடீஸ் தரப்பு லைன்ல இருக்கியளா?" என்றார்.

"இருக்கோம் சார்" என்றேன். பிறகு எங்கள் கம்பெனியின் முதல்தரக் கட்டுத்துணி இரண்டு சுருள்களை எடுத்து, எலும்பு முறிந்த காலுக்குப் போடுவதுபோல் போனை இறுக்கிச் சுற்றினேன். அந்தப் பக்கத்துச் சத்தமும் இந்தப் பக்கத்துச் சத்தமும் நின்றன. நாற்காலியை வெளியே தூக்கிவைத்தேன். பலகையைப் புரட்டினேன்.

"போங்கக்கா" என்றேன்.

அவளுக்குப் பின்னால் வரிசை கூடத்தின் கடைசி மேஜை வரை நீண்டது. ஒருத்தி குடத்தைத் திறந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கடைசியாக நான் போய்விட்டு வரும்போது மணி பன்னிரண்டரை. வேலை போகும் என்று நினைத்தபடியே, மெல்லப் போனின் கட்டைப் பிரித்தேன்.

"...லேடீஸ் தரப்போட முழுச் சம்மதத்தோட தீர்மானம் ஏகமனதா நிறைவேறுது. கிருபாபாய், இன்னைக்கு ஒத்துழைப்பு ரொம்பப் பிரமாதம்மா!"

மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. பழைய குறிப்புகள் அத்தனையையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்த அதே வரி, ஒரு புள்ளிகூட மாறாமல் இதிலும் இருந்தது: 'ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்களின் கருத்துகள் கவனமாகக் கேட்டறியப்பட்டன.'