கவ்பாய் கொழுந்துசாமி விஷயமாக டோரீன் அக்காவுக்கு

அன்பும் அடக்கமும், கூடவே கொஞ்சம் பயமும் சேர்த்து டோரீன் அக்காவுக்குத் தேயிலை மலையிலிருந்து தம்பி அம்புரோஸ் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் வீட்டுக்காரியும் பனியும் சுகம். ஈப்போவில் நீங்களும் மச்சானும் மச்சானின் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு முறை வருவதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால், போன தடவை நான் மூன்று நிமிடம் மூச்சு விட்டது மட்டும்தான் உங்களுக்கு வந்து சேர்ந்தது. நீங்களும் பதறிப்போய் ஃபாதரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அவர் சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் டப்பாவோடு வந்து நின்றபோது நான் உட்கார்ந்து மாகி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் படிவத்தில் இரண்டு தடவை உட்கார்ந்தும் தேறாத கை இது, எழுத்துப்பிழை இருந்தால் லோரி குழியில் இறங்கியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொறுங்கள் அக்கா, கியர் மாத்திக்கிறேன். விஷயம் ராய்ஸ்டன்.

நீங்கள் திட்டியது நூற்றுக்கு நூறு நியாயம். கோயில் பாட்டுக்குழு வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வீடியோவில் என் மகன் கவ்பாய் தொப்பியும் ஒட்டு மீசையும் ரப்பர் பூட்ஸுமாக, கித்தாரை வைத்துக்கொண்டு "கவ்பாய் கொழுந்துசாமி" என்ற பெயரில் குதிப்பதைப் பார்த்தீர்கள். "ஞானஸ்நானத்துல வச்ச பேரு ராய்ஸ்டன். கொழுந்துசாமியாமே! பேரு வச்ச ஃபாதர் கேட்டா உசுர விட்டுடுவாருடா" என்றீர்கள். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, அந்த ஒரு கவலை வேண்டாம். மற்றபடி, மச்சான் தன் சிநேகிதரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இவனுக்காகக் கணக்கெழுதும் கிராணி வேலை கேட்டு வைத்திருப்பதும், வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும் என்பதும், தொப்பி இல்லாமல் வர வேண்டும் என்பதும் எனக்கு மூன்று வேளையும் ஞாபகத்தில் இருக்கிறது. இருபத்தாறு வயதுப் பிள்ளை, வாரம் முழுக்கப் பண்ணையில் தக்காளி அடுக்குகிறான், சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்துசாமி ஆகிவிடுகிறான். இதில் அதே திங்கட்கிழமை ஈப்போ மண்டபத்தில் தொடங்கி, ஒரு மாதம் ஊர் ஊராய்ப் பாட அழைப்பு வேறு வந்திருக்கிறதாம். அதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னபோது அவன் வீட்டில் இல்லை, ஆனாலும் உரக்கத்தான் சொன்னேன்.

அவனைக் காதைப் பிடித்து இழுத்து வரலாம் என்று போன சனிக்கிழமை கம்போங் ராஜாவுக்குப் பஸ் ஏறினேன். சேக் தாவூத் பாயின் ரொட்டிக் கடையில்தான் பாட்டு. மழை, கண்ணாடியெல்லாம் ஆவி, உட்கார இடமில்லாத கூட்டம். நான் பின்னால் ரொட்டிக் கல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பதுங்கினேன். இந்தக் கொழுந்துசாமி யார் தெரியுமா அக்கா? தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிற கிழவன், தன்னைக் கவ்பாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன். வந்ததும் கூட்டத்தைப் பார்த்து, "வெள்ளக்காரன் கவ்பாய் பாட்டுல மூணே சமாச்சாரம்தான். லோரி, மழை, உட்டுட்டுப் போன பொண்டாட்டி. நம்மகிட்ட லோரி இருக்கு, மழை இருக்கு. பொண்டாட்டிதான் போ மாட்டேங்குறா!" என்றான். பொம்பளைகள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பாட்டு:

குதிர வச்சவன் கவ்பாயி
கொழுந்து லோரிதான் என் தாயி
ரெண்டாங் கியரு விழமாட்டேங்குது
மன்னிச்சிக்கம்மா மகமாயி!

ஒவ்வொரு கியருக்கும் லோரியிடம் மன்னிப்புக் கேட்கிறான் கிழவன். ஏதாவது கதை சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் வழி தவறி, "பொறு, கியர் மாத்திக்கிறேன்!" என்பான். உடனே கடை முழுக்க, ரொட்டி போடுகிறவர் உள்பட, "மாத்து லா!" என்று கத்துகிறது. நான் கண்டிக்க வந்தவன், அதனால் முதல் பாட்டுக்கு முறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் உதட்டைக் கடித்தேன். மூன்றாவதில் நாற்காலியோடு கவிழ்ந்தேன். சேக் தாவூத் பாய்தான் தூக்கிவிட்டார். "அண்ணே, நீங்களே இப்படிச் சிரிச்சா நாங்க என்னாண்ணே பண்றது?" என்றார். நீங்களே என்று ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் மூச்சு இல்லை. ராய்ஸ்டன் கழுத்தில் பச்சைக் கம்பளி மஃப்ளர் ஒன்று சுற்றியிருந்தான். நீங்கள் எனக்குப் பின்னிக் கொடுத்தீர்களே, அச்சு அசல் அதே மாதிரி. என்னுடையது ஈஸ்டரிலிருந்து காணவில்லை, காற்று கொண்டுபோயிருக்கும் என்கிறாள் வீட்டுக்காரி. கடைசிப் பாட்டில் மட்டும் கித்தார் மெதுவாகிவிட்டது. கொழுந்துசாமிக்கு வேலை ஓய்வு. சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு ரெண்டு மைல் நடந்தே வீட்டுக்குப் போகிறான். ஒவ்வொரு வளைவிலும் வாயாலேயே ஹாரன் அடிக்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ரொட்டிக் கல் புகை கண்ணில் பட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. இது சின்னையா ஆயிற்றே! எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டியவர்கள் இரண்டே பேர், நானும் சின்னையாவும். நான் இல்லை. ஆகவே சின்னையா. முப்பது வருடம் எனக்கு முன்னால் போக முடியாமல் ஹாரன் அடித்தே கை காய்த்துப்போனவர். இப்போது கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறார். வயதான மனுஷனை என் பிள்ளை ஊர் சிரிக்க வைத்துவிட்டானே என்று ஐந்து நாளாக எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இவனை ஈப்போவுக்கு அனுப்புமுன் இந்தப் பாவத்தைக் கழுவ வேண்டும். நாளை ஒரு டின் பிஸ்கட்டோடு போய்க் காலில் விழப் போகிறேன். மீதியை வந்து எழுதுகிறேன்.

மேலே உள்ளது வியாழக்கிழமை எழுதியது. இது வெள்ளி. அக்கா, மேலே எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கிழித்துப் போடலாம் என்று இருந்தது, ஆனால் நான்கு பக்கம் எழுதிய கை வலிக்கிறது.

போனேன். சின்னையா வாசலில் முட்டைகோஸ் கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் டின்னை நீட்டி, "சின்னையாண்ணே, பையன் தெரியாம உங்கள வச்சி விளையாடிட்டான். மனசுல வச்சிக்காதீங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா விளையாட்டு?"

"அதான், கொழுந்துசாமி."

"அது நானா?"

"வேற யாருண்ணே?"

அவர் உள்ளே திரும்பி, "மணியம்மா! இங்க ஓடியா! கொழுந்துசாமி யாருன்னு கொழுந்துசாமியே வந்து கேக்குறான்!" என்று கூப்பிட்டார். அவர் சம்சாரம் மணியம்மா கையில் கரண்டியோடு வந்து, என் முகத்தைப் பார்த்து, அப்படியே கூடை மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரு கூடை முட்டைகோஸ் நசுங்கியது.

"யோவ் அம்புரோசு," என்றார் சின்னையா, "நான் வளைவுல ஹாரன் அடிப்பேன், கெட்ட வார்த்தை பேசுவேன். லோரிகிட்ட மன்னிப்புக் கேட்டவன் இந்த மலையிலயே நீ ஒருத்தன்தான்யா! ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னப் பாக்கத்தான் நாங்க குடும்பத்தோட பாய் கடைக்குப் போறோம்."

"நான் எப்பண்ணே மன்னிப்புக் கேட்டேன்? பொறுங்க, கியர் மாத்திக்..."

சின்னையா, மணியம்மா, பக்கத்து வீடு, எதிர் வீடு, எல்லாரும் ஒரே குரலில், "மாத்து லா!" என்றார்கள். பிஸ்கட் டின்னை அவர்களே திறந்து எனக்கும் இரண்டு கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் முதல் மூன்று வளைவுக்குக் கோபம் இருந்தது. நாலாவது வளைவில் அந்த "மகமாயி" ஞாபகம் வந்து தனியாகச் சிரித்ததில் பக்கத்தில் இருந்த சீனத்து அம்மா இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் வீடு வந்து சேருமுன் ஒன்று தைத்தது. அது சின்னையா இல்லையென்றால், கடைசிப் பாட்டு?

ராய்ஸ்டனுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. சமையல்கட்டில் நின்றான். பச்சை மஃப்ளரை மடித்து மேசையில் வைத்திருந்தான். "உங்களக் கேக்காம பண்ணிட்டேம்பா. கேலி பண்ணணும்னு இல்ல. விட்டுர்றேன். திங்கக்கெழம ஈப்போ போயி வேலைல சேந்துக்கிறேன்" என்றான். நீங்கள் கேட்டதும் இதுதான், நான் கேட்டதும் இதுதான். நான் சந்தோஷப்பட வேண்டியது. அதை விட்டுவிட்டு, "வாயால ஹாரன் அடிச்சது உனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று கேட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு நான் நடந்த அன்றைக்கு ரோட்டில் யாருமே இல்லை அக்கா, நான் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தேன்.

"நான் பின்னாடி மோட்டார் சைக்கிள்ல வந்தேம்பா. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு உருட்டிக்கிட்டே வந்தேன்."

"ரெண்டு மைலு! ஏண்டா, கூப்பிட்டு ஏத்திக்கிட்டா என்ன?"

"நீங்கதான் லோரியில போயிக்கிட்டு இருந்தீங்களே" என்றான்.

அடுப்பில் பால் பொங்கியது, அதைப் போய் இறக்கினேன்.

ஆகவே அக்கா, முடிவு முடிவுதான். அவன் வாக்குக் கொடுத்துவிட்டான், நானும் தகப்பனாக லட்சணமாகத் தலையாட்டிவிட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ராய்ஸ்டன் வருவான், வெறும் தலையோடு. இன்று மாலையே தொப்பியை அடுப்பில் போடுகிறேன். கொழுந்துசாமியின் கதை இத்தோடு முடிந்தது. மச்சானுக்கும் கடைக்காரச் சிநேகிதருக்கும் எங்கள் நன்றி. மாதா உங்கள் வீட்டு வாசலையும், மச்சானின் முழங்காலையும், என்னைத் திட்டித் திட்டித் தேய்ந்த உங்கள் தொண்டையையும் காத்து நடத்துவாராக.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
அம்புரோஸ்

பி.கு.: இது சனிக்கிழமை காலை. தொப்பி எரியவில்லை. இந்த மலையில் காய்ந்த விறகே பிடிக்காது, மூன்று வருட மழை குடித்த தொப்பி எப்படிப் பிடிக்கும்? புகைதான் வந்தது. வீட்டுக்காரி இருமிக்கொண்டே அதைப் பிடுங்கி, தண்ணீரில் முக்கி, "இத எரிச்சா மட்டும் நீங்க கொழுந்துசாமி இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம், மஃப்ளரைக் காற்று கொண்டுபோனது அவள் கையால்தானாம். அப்புறம் ராய்ஸ்டனைக் கூப்பிட்டு அந்த ஹாரனை ஒரு தடவை அடித்துக் காட்டச் சொன்னேன். தப்பு அக்கா, முழுக்கத் தப்பு! மூன்றாம் வளைவு ஹாரன் வேறு, ஐந்தாம் வளைவு ஹாரன் வேறு, இவன் எல்லாவற்றுக்கும் ஒன்றையே அடிக்கிறான். இதை வைத்துக்கொண்டு ஈப்போ மண்டபத்தில் ஏறினால் என் மானம் என்ன ஆவது? அதனால் கடிதத்தைத் தபாலில் போடாமல் நானே கொண்டு வருகிறேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவது இரண்டு பேர், பெரிய தொப்பி அவன், சின்னத் தொப்பி நான். பாட்டு அவன், ஹாரன் நான், ஒரு மாதம். மச்சான் கொடுத்த வாக்கு வீணாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம், மாதம் முடிந்ததும் அந்தக் கிராணி வேலையில் நானே சேர்ந்துகொள்கிறேன், ஸ்பேர் பார்ட்ஸ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொப்பியோடு வரலாமா என்று மட்டும் கேட்டு வையுங்கள். திட்டுவதாக இருந்தால் மண்டபத்துக்கே வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து திட்டுங்கள். நடுவில் நான், "பொறுங்க அக்கா, கியர் மாத்திக்கிறேன்" என்பேன். என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.